பெத்த புள்ளையாட்ட

பல்லடம் சாலையில் யார் செத்தாலும் மயில்சாமி ஐயாவின் பெயருக்குக் கீழேதான் படுக்க வேண்டும். பிணம் வைக்கிற குளிர்ப்பெட்டியின் கண்ணாடி மூடியில் 'உபயம்: கண்ணம்மாள் அறக்கட்டளை, நிறுவனர் மயில்சாமி' என்று சிவப்பில் எழுதியிருக்கும். உயிரோடு இருப்பவர்களுக்கும் அவர் குறை வைக்கவில்லை. பஸ் நிறுத்தத்து நிழற்குடை, கோயில் அன்னதானக் கூடம், டயாலிசிஸ் கட்டில், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி என்று திரும்பின பக்கமெல்லாம் அந்தப் பெயர் இருந்தது. கண்ணம்மாள் அவரைப் பெற்ற தாய். தாயின் பெயரைச் சிறிதாகவும் தன் பெயரைப் பெரிதாகவும் எழுதச் சொல்வார் என்று காதர்பேட்டைப் பனியன் கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள். பேசிவிட்டு, அடுத்த வாரம் நன்கொடை கேட்டு அவரிடமே போய் நிற்பார்கள்.

கலைமகள் அந்தக் கேலியில் ஒருநாளும் சேர்ந்துகொண்டதில்லை. அவள் அப்பா ஐயாவின் பழைய தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர். பிளஸ் டூ பரீட்சைக்கு நடுவில் அவர் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தபோது, பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஐயா, "புள்ளையைப் படிக்க வெக்கறது என் பொறுப்பு" என்று சொன்னார். சொன்னபடி செய்தார். மூன்று வருஷம். பத்தொன்பது வயதில் அவளை அறக்கட்டளை விழா மேடையில் ஏற்றினார்கள். எழுதிக் கொடுத்த தாள் கை வியர்வையில் நனைந்துவிட, வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: "ஐயா என்னையப் பெத்த புள்ளையாட்ட பாத்துக்கறாருங்க." கூட்டம் கைதட்டியது. ஐயா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. இன்றைக்கு வரைக்கும் இல்லை. சங்கடமே அதுதான்.

இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஐயாவின் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் மேனேஜர். வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஆடிட்டரை அனுப்புவான். வரவு செலவு பார்க்கிற ஆடிட்டர் இல்லை இவர். தொழிலாளியை மனுசராக நடத்துகிறார்களா என்று பார்க்கிறவர். கக்கூஸ் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெண்களைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். அவர் வருவதற்கு முன்னால் தாழ்ப்பாளைப் பொருத்துவதும், மருந்தை நிரப்புவதும், பெண்களுக்குப் பதில் சொல்லிக்கொடுப்பதும் கலைமகளின் வேலை.

வேலையில் அவள் புலி. தையல் மிஷினில் ஒரு ஊசி உடைந்தால்கூட அந்த லைனையே நிறுத்திவிடுவாள். உடைந்த துண்டு ஏதோவொரு குழந்தையின் சட்டைக்குள் மாட்டிக்கொண்டு சீமைக்குப் போய்விடக் கூடாது. முனை, நடு, தலை என்று எல்லாத் துண்டும் கிடைக்கிறவரைக்கும் துணிக்கட்டை உதறி, தரையைக் காந்தத்தால் துழாவி, கிடைத்ததை ரிஜிஸ்டரில் செலோடேப் போட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிஷின் ஓடும். சூப்பர்வைசர்கள் பல்லைக் கடிப்பார்கள். அவள் அசைய மாட்டாள்.

பதில் சொல்லிக்கொடுப்பதிலும் அதே கண்டிப்புதான். வேலை நேரம் எவ்வளவு, லீவு கேட்டால் கிடைக்குமா என்று வரிசையாகக் கேள்வி. கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: 'உங்களை இங்கே எப்படி நடத்துகிறார்கள்?' அதற்கு மட்டும் தன் சொந்த வாக்கியத்தைக் கொடுத்தாள். 'ஒரு கொறையும் இல்லீங்க. பெத்த புள்ளையாட்ட பாத்துக்கறாங்க.' தனக்கு அது உண்மை என்பதால், பொய் சொல்லிக்கொடுப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மண்ணரையில் அறக்கட்டளையின் பெண்கள் விடுதி இருந்தது. கமுதி, சாயல்குடி, அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் அறுபது பேர், ஒடிசாக்காரப் பெண்கள் சிலர். பகலில் கம்பெனியில் வேலை, மிச்ச நேரத்தில் தபால் வழிப் படிப்பு, படிப்புச் செலவு அறக்கட்டளையுடையது. கொங்குப் பேச்சில் 'மாதிரி'க்குச் சொல்கிற 'ஆட்ட' தெற்கத்திப் பெண்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஒருமுறை தமிழ்மதி என்கிற கமுதிப் பெண், "அது என்ன மேடம், புள்ளைய, ஆட்ட? எங்க ஊர்ல ஆட்டையும் நல்லாத்தான் பாத்துப்பாக, கெடா வெட்டு வரைக்கும்" என்றாள். அறையே சிரித்தது. கலைமகளும் சிரித்தாள்.

ஐயா முருக பக்தர். மாதா மாதம் கிருத்திகை விரதம். அன்றைக்கு அன்னதானத்தைத் தொடங்கிவைத்துவிட்டு, அறக்கட்டளை ஆபீசின் பின்னறையில் உட்கார்ந்து, படிக்கிற பெண்களின் பாரங்களில் கையெழுத்துப் போடுவார். முன்பெல்லாம் பெண்கள் ஐந்து ஆறு பேராகப் போய் வாங்கி வந்தார்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஐயா, "கூட்டமா வந்தா ஒரு புள்ள மொகமும் மனசுல நிக்கறதில்லை கண்ணு. கிருத்திகைக்கு ஒரு புள்ளையா அனுப்பி விடு. உக்கார வெச்சு நல்லது கெட்டது விசாரிக்கலாம்" என்றார். இந்த வயதில் இவ்வளவு அக்கறையா என்று அவளுக்கு உருகிப்போனது. அன்றிலிருந்து கிருத்திகைக்குக் கிருத்திகை ஒரு பெயரை எழுதி விடுதிப் பலகையில் ஒட்டினாள்.

அப்படிக் கையெழுத்துக்குப் போனவர்களில் இரண்டு பெண்கள் வேலையை விட்டுப் போனார்கள். ஒருத்தி மறுநாளே. இன்னொருத்தி நாலு நாள் கழித்து. இரண்டு பேருக்கும் ரிஜிஸ்டரில் 'சொந்தக் காரணம்' என்று கலைமகள்தான் எழுதினாள். இரண்டாவது பெண் கிருத்திகையன்று திரும்பி வந்து விடுதிக் குழாயடியில் முகத்தைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடி கழுவினாள். ஐந்தாறு தடவை. கலைமகள் படியில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு, "சோப்பு வேணுமா கண்ணு?" என்று கேட்டாள். வேறு ஒன்று கேட்டிருக்க வேண்டும் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியும். தெரியாது என்று இத்தனை நாளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை தமிழ்மதி வந்தாள். வியாழக்கிழமை ஆடிட். வெள்ளிக்கிழமை கிருத்திகை.

"பலகையில மறுபடியும் எம் பேரு இருக்கு மேடம். அத எடுத்துருங்க."

போன மாதம் போனவளும் அவள்தான். பாரத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு, அந்தப் புள்ளையையே அடுத்த தடவையும் வரச் சொல்லு என்று ஐயா சொல்லியிருந்தார்.

"ஒரு கையெழுத்துத்தானே கண்ணு. இல்லாட்டி அடுத்த செமஸ்டர் பணம் கட்ட முடியாதே."

"கையெழுத்து வேணாம். படிப்பும் வேணாம்." தமிழ்மதி கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "போன தடவ உள்ள போனதும் கதவச் சாத்திட்டாக மேடம்."

அதன் பிறகு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நாலே வாக்கியத்தில் நடந்ததைச் சொல்லி முடித்தாள். அழவில்லை. நாலாவது வாக்கியத்தில், கத்தவிடாமல் வாயைப் பொத்திய கையில் விபூதி வாசம் அடித்தது என்றாள்.

இந்தப் பெண் பொய் சொல்கிறது என்று நினைக்கக் கலைமகள் ஒரு நிமிஷம் முயன்று பார்த்தாள். முடியவில்லை. முடியாமல்போன பிறகும் வாய் தன்பாட்டில் பேசியது.

"பெரியவங்க கண்ணு. வயசானவங்க. புள்ளையாட்ட நெனச்சுத் தொட்டிருப்பாங்க. நீ பயந்துட்டு வேற மாதிரி…"

"எங்க அப்பாவும் பெரியவுகதான் மேடம். அவுக கதவச் சாத்துனதில்ல."

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"ஒங்ககிட்டதான் சொல்லுதேன். பாத்ரூம் பக்கத்து போர்டுல ஒங்க பேருதான் போட்டுருக்கு."

போட்டிருந்தது. 'பாலியல் தொல்லை புகார்க் குழு. தலைவர்: கலைமகள்.' பக்கத்தில் போட்டோவும் செல் நம்பரும். ஆடிட்டுக்காக ஒட்டியது. அதைப் படித்து ஒரு பெண் உள்ளே வருவாள் என்று ஒட்டினவளே நினைத்ததில்லை.

"வியாழக்கிழமை ஆடிட் கண்ணு. அது முடியட்டும். நான் பேசறேன்."

தமிழ்மதி எழுந்தாள். கதவருகே நின்று சொன்னாள்: "ஊசி ஒடஞ்சா அப்பவே லைன நிப்பாட்டுவீகளே மேடம்."

அவள் போன பிறகு கலைமகள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அருள்செல்வனின் அறைக்குப் போனாள். அருள்செல்வன் ஐயாவின் மகன். கம்பெனியை நடத்துகிறவன். அவளைவிட நாலு வயது இளையவன், சின்னதிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுவான். கிருத்திகைக்குப் போன பெண் ஒன்று ஐயாவைப் பற்றி ஒரு மாதிரி சொல்கிறது என்று, விளக்கெண்ணெய் விழுங்குகிறவள் போலச் சொன்னாள். இடி விழுந்தது மாதிரி அதிர்ந்துபோவான், தன்னைத் திட்டினாலும் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள்.

அவன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தப் புள்ளைங்கக்கா?" என்றான்.

என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. எந்தப் புள்ளை என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியிலேயே கலைமகளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கமுதிப் புள்ள. தமிழ்மதி."

"போன தடவையே அவர்கிட்ட சத்தம் போட்டேனுங்கக்கா. கேக்க மாட்டேங்கறாரு. வயசாயிடுச்சு, என்ன பண்றது." அவன் குரலைத் தணித்தான். "இந்த ஆர்டர் போச்சுன்னா எண்ணூறு குடும்பம் தெருவுக்கு வந்துரும். உங்களுக்குத் தெரியாததுங்களா? ஆடிட் முடியட்டும். இப்போதைக்கு லிஸ்ட்ல அந்தப் பேர எடுத்துட்டு வேற பேர போட்டுருங்க."

அவள் தன் மேஜைக்கு வந்தாள். விடுதிப் பலகையிலிருந்து லிஸ்ட்டை எடுத்துவரச் சொன்னாள். தமிழ்மதி என்கிற பெயரை அடித்தாள். ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்று நெஞ்சு கொஞ்சம் லேசாகக்கூட ஆனது. பிறகு, அடித்த பெயருக்கு மேலே, முத்து முத்தான தன் கையெழுத்தில் முனீஸ்வரி என்று எழுதினாள். எழுதி முடித்துத்தான் தன் கையைப் பார்த்தாள். அது நடுங்கவில்லை. நடுங்கியிருந்தாலாவது பரவாயில்லை என்று தோன்றியது.

முனீஸ்வரி தமிழ்மதியின் ஊர்க்காரப் பெண். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். லிஸ்ட் சாயங்காலமே மறுபடி விடுதிப் பலகைக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை பயிற்சி வகுப்பு. எல்லாப் பெண்களும் கடைசி வாக்கியத்தைச் சேர்ந்து சொன்னார்கள். தமிழ்மதியும் சொன்னாள். கலைமகள் அந்தப் பக்கம் பார்க்காமல், கரும்பலகையில் ஏற்கெனவே அழித்துவிட்ட இடத்தையே திரும்பத் திரும்ப அழித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை ஐயாவே கம்பெனிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. பழனிக்குப் போய்விட்டு நேராக வருகிறாராம். செக்யூரிட்டியின் பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்தார். கூட்டுகிற பாட்டியிடம் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்றா என்று கேட்டார். நடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே அதெல்லாம் ஞாபகம் இருந்தது. கெட்டவர் என்றால் முழுக்கக் கெட்டவராக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று கலைமகளுக்கு ஆத்திரமாக வந்தது.

"என்ன கண்ணு, எளச்சுப் போய்ட்ட? ஆடிட்டு ஆடிட்டுன்னு சாப்படறதில்லையா?" இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்கிற அதே குரல். பொட்டலத்தைப் பிரித்து, விபூதி எடுத்து, வழக்கம்போல அவள் நெற்றிக்குக் கையைக் கொண்டுவந்தார்.

அந்த வாசம் வந்தது. தமிழ்மதி சொன்ன வாசம். விலகியிருக்க வேண்டும். ஒரு அடி பின்னால் வைத்திருந்தால் போதும், யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். ஆனால் பழகின கழுத்து தானாகக் குனிந்தது. அவர் பூசிவிட்டு, "நல்லா இருப்ப சாமி" என்றார். அவள், "சரிங்கய்யா" என்றாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது அவள் அம்மா சாகும்வரை சொன்ன பேச்சு. நினைப்பது சரி. அந்த உப்புக்கு ஊரான் வீட்டுப் பெண்களைக் கொண்டுபோய்க் கொடு என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை. பாத்ரூமுக்குப் போய் நெற்றியைக் கழுவினாள். துடைத்தாள். மறுபடி கழுவினாள். மூன்றாவது முறை குனியும்போதுதான், இதே மாதிரி குழாயடியில் ஒரு பெண் கழுவிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. சோப்பு வேணுமா என்று கேட்ட வாயை என்ன செய்தால் தகும் என்று தெரியாமல், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை காலை ஆடிட்டர் வந்தார். சித்ராதேவி என்று பெயர். ஐம்பதைத் தாண்டிய அம்மா. பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை, கையில் குடை. காபி வேண்டாம் என்றார், அருள்செல்வன் ஏற்பாடு செய்த மதியச் சாப்பாடு வேண்டாம் என்றார், கொண்டுவந்த தயிர்சாதத்தைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். தாழ்ப்பாள்களையும் மருந்துப் பெட்டியையும் பார்த்தார். உடைந்த ஊசி ரிஜிஸ்டரைப் புரட்டி, "இவ்வளவு சுத்தமா நான் எங்கேயும் பாத்ததில்ல" என்றார். வேறொரு நாளாக இருந்தால் கலைமகளுக்குத் தலை கால் புரிந்திருக்காது.

பிறகு பயிற்சி அறையில் எட்டுப் பெண்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இரண்டரை மணிக்குக் கலைமகளைக் கூப்பிட்டார்.

"நீங்க எந்த ஊரு மேடம்?"

"இங்கதானுங்க. மண்ணரை."

"நான் ராஜபாளையம்." அவர் எழுதிவைத்த தாள்களை விசிறி மாதிரி மேஜைமேல் பரப்பினார். "எட்டுப் பொண்ணுக. ஆறு பேரு எங்க பக்கம், ரெண்டு பேரு ஒடிசா. எப்படி நடத்துறாங்கன்னு கேட்டா எட்டுப் பேரும் 'பெத்த புள்ளையாட்ட'ங்கிறாங்க. கமுதிக்காரப் பிள்ளைக்கு 'ஆட்ட' எங்கேயிருந்து வந்துச்சு? நாங்க 'கணக்கா'ம்போம், 'மாதிரி'ம்போம். அந்த ஒடிசாப் பொண்ணுக்குத் தண்ணி கேக்கத் தமிழ் வரல. இந்த ஒரு வரிய மட்டும் பல்லடத்துல பொறந்தது கணக்காச் சொல்லுது."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கலைமகள் எட்டு வாயில் தன் வாயை வைத்துக் கெட்டாள்.

"சொல்லிக்குடுத்தது நீங்கதான்னு தெரியுது. எல்லாக் கம்பெனியிலயும் சொல்லிக்குடுக்கத்தான் செய்றாங்க. அத எழுதுனா ரெண்டு மார்க் கொறையும், அவ்வளவுதான். என் கவலை அது இல்ல." சித்ராதேவி கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு பிள்ளை அதச் சொல்லும்போது சுவரப் பாத்துச்சு. யாருன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். இருபத்தஞ்சு வருஷமா இந்த வேல பாக்குறேன், சுவரப் பாத்துச் சொல்றது என்னன்னு எனக்குத் தெரியும். ஆனா சந்தேகத்த வச்சு எதையும் எழுத முடியாது. யாராவது ஒரு ஆள் சொல்லணும். நாலு மணிக்கு நான் கெளம்பிருவேன்."

கலைமகள் வெளியே வந்து நேராக மூன்றாவது லைனுக்குப் போனாள். தமிழ்மதியைக் கூட்டிக்கொண்டு மாடிப்படி வளைவில் நின்றாள். கீழே மிஷின்கள் ஓடுகிற சத்தத்தில் யார் காதிலும் எதுவும் விழாது.

"கண்ணு, அந்தம்மா நல்ல மாதிரி. போய் நடந்தத அப்படியே சொல்லீரு. நான் கூட இருக்கேன்."

தமிழ்மதி நிமிர்ந்து பார்த்தாள். மூன்று நாளில் அந்த முகத்துக்கு வயது கூடியிருந்தது. "பலகையில முனீஸ்வரி பேரு இருக்கு மேடம்" என்றாள்.

"அத எடுத்தர்றேன் கண்ணு. இப்பவே எடுத்தர்றேன்."

"எடுத்துட்டு?"

கலைமகள் கீழே ஓடுகிற மிஷின்களைப் பார்த்தாள்.

"நேத்து பூரா அவ எங்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தா, ஐயா என்ன கேப்பாக, எந்தத் தாவணி கட்டிட்டுப் போகன்னு. நா என்னன்னு சொல்ல?" குரல் உயரவில்லை. "மொதல்ல ஒங்ககிட்டதான் மேடம் சொன்னேன். நீங்க பேர மாத்துனீக."

"தப்புதான் கண்ணு. நான் பண்ணுனது தப்பு. இப்பச் சொல்லு. அந்தம்மா நாலு மணிக்குப் போயிருவாங்க."

தமிழ்மதி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பயிற்சி வகுப்பில் நிற்கச் சொல்லிக்கொடுத்த அதே நிலை. சுவரைப் பார்க்கவில்லை, கலைமகளின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு கொறையும் இல்லீங்க மேடம். பெத்த புள்ளையாட்ட பாத்துக்கறாங்க."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. அந்த 'ல்லீங்க'வின் இழுப்பு, 'ஆட்ட'வின் அழுத்தம், எல்லாம் கலைமகள் எப்படிச் சொல்வாளோ அப்படியே இருந்தது. சொல்லிவிட்டு அவள் படியிறங்கி மிஷினில் போய் உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள்.

கலைமகள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செத்துப்போகலாம் போல இருந்தது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்க வந்தவளுக்கு வேறு என்ன கிடைக்கும்? அந்தப் பெண்ணுக்குத் தைரியம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தைரியம் இருந்ததால்தான் திங்கட்கிழமை வந்தது. வந்ததை அனுப்பிவிட்டு, இன்றைக்கு இன்னொரு முறை நீயே சுமந்துகொண்டு போ என்கிறோமே என்று தோன்றியபோது, வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாராவது ஒரு ஆள் சொல்ல வேண்டும் என்றுதான் அந்தம்மா சொன்னார். தமிழ்மதிதான் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.

விடுதி கம்பெனிக்குப் பின்புறம், நடக்கிற தூரம். போய்ப் பலகையிலிருந்து லிஸ்ட்டைக் கிழித்து எடுத்தாள். வேறு பெயர் எழுதவில்லை. அதைக் கையிலேயே மடித்து வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மூன்றே முக்கால். சித்ராதேவி துணிப்பைக்குள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், என்னையக் கேக்கலீங்களே. நானும் இங்க வேலைக்காரிதானுங்க."

சித்ராதேவி ஒரு புதிய பாரத்தை எடுத்து, பெண்கள் உட்கார்ந்த நாற்காலியைக் காட்டினார். கலைமகள் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை, ஆடியது. இத்தனை வருஷத்தில் அதில் அவள் உட்கார்ந்ததில்லை.

"வரிசையாக் கேக்க நேரமில்ல. கடைசிக் கேள்விய மட்டும் கேக்குறேன்," என்றார் சித்ராதேவி. "உங்களை இங்கே எப்படி நடத்துகிறார்கள்?"

"பெத்த புள்…" என்று நாக்கு பழக்கத்தில் ஓடியது. கலைமகள் அதைப் பல்லால் கடித்து நிறுத்தினாள்.

"என்னைய நல்லாத்தானுங்க பாத்துக்கிட்டாங்க. படிக்க வெச்சாங்க. வேலை குடுத்தாங்க. ஒரு நாளும் ஒரு தப்பான பார்வை பாத்ததில்லீங்க." நாற்காலி ஆடியது. "அந்த நன்றிக்கு நான் இந்தப் புள்ளைங்கள ஒவ்வொருத்தியா அவரு ரூமுக்கு அனுப்பி வெச்சேன். ரெண்டு பேரு வேலைய விட்டே போய்ட்டாங்க. சொந்தக் காரணம்னு எழுதுனேன். ஒரு புள்ள வந்து எங்கிட்ட வாயத் தொறந்து சொல்லுச்சு. அவ பேர அடிச்சுட்டு இன்னொருத்தி பேர எழுதுனேனுங்க." மடித்த லிஸ்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, உடனே அதன் மேல் தன் கையை வைத்துப் பெயர்களை மறைத்தாள். "இவங்க பேர எழுத வேண்டாமுங்க. அவங்களுக்குச் சொல்லணும்னு தோணுனா அவங்களே சொல்லட்டும். அனுப்பி வெச்சவ பேர எழுதிக்குங்க. கலைமகள்."

சித்ராதேவி எழுதினார். பேனாவைத் தூக்காமலே, "கூப்பிட்டவர் பேரு?" என்று கேட்டார்.

குளிர்ப்பெட்டியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஊரெல்லாம் எழுதியிருக்கிற பெயர். இருபது வருஷத்துக்கு மேலாக ஐயா என்று மட்டுமே அழைத்த வாய், முதல் தடவையாக அந்தப் பெயரை வெறும் பெயராகச் சொன்னது.